நான் விட்டது கொத்தவரங்காய்

'சாவதற்குள் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று கைப்பேசியில் எது வந்தாலும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. பெங்களூரில் இருக்கும் மகள்தான் அனுப்புவாள். அஜந்தா குகைகள், நர்மதைக் கரையின் வெள்ளைப் பாறைகள், மேகாலயாவில் மரத்தின் உயிருள்ள வேர்களைப் பின்னிக் கட்டிய பாலம், கட்ச் உப்புப் பாலைவனம். கடைசியில் எங்கள் மாவட்டத்துப் பிச்சாவரம் காடும் இருக்கும், யாரோ கண் கூசுகிற பச்சையை ஏற்றிய படமாக. அதற்கும் கீழே மகளின் ஒரு வரி: "அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்கப்பா."

அந்த வரியைப் படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். மகள் மேல் கோபமில்லை, அவளுக்கு விஷயம் தெரியாது. அவளுடைய அம்மா இனி எந்த இடத்தையும் பார்க்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. அந்த முடிவைச் சொன்ன வாய் என்னுடையது. இந்த இரண்டையும் அவளிடம் நாங்கள் இதுவரை சொல்லவில்லை.

நான் கடலூர் நீதிமன்றத்தில் ஆயுள் முழுக்க வக்கீலாக இருந்தவன். பிறருக்காகப் பேசுவது என் பிழைப்பு. கட்சிக்காரர் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவருடைய காலை மேசைக்கடியில் மிதித்து அடக்கிவிட்டு நானே பேசுவேன். பேசிப் பேசி அது உடம்போடு ஒட்டிவிட்டது. ஓட்டலில் என் மனைவிக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்வேன். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்றும் நான்தான் சொல்வேன். ஒருமுறை டாக்டரே சிரித்துவிட்டு, "சார், வலி உங்களுக்கா அவுங்களுக்கா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அவள் அரசுப் பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். இந்திய வரைபடத்தைப் பார்க்காமல் போர்டில் போடுவாள். குஜராத்தின் மூக்கில் சாக்பீஸை வைத்தால் கன்னியாகுமரி வந்து, கீழைக் கரையில் ஏறி, வங்காளம் போய், இமயமலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி குஜராத்துக்கு வருகிறவரைக்கும் கையை எடுக்க மாட்டாள் என்று அவளிடம் படித்தவர்கள் இன்றும் மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் என்னை நிறுத்திச் சொல்கிறார்கள். நதிகளை நீலச் சாக்பீஸால் இழுப்பாள். அத்தனை வருடம் அத்தனை வகுப்புக்கு நாட்டை வரைந்து காட்டியவள், அதில் பார்த்தது கடலூரும் சிதம்பரமும் சென்னையும் திருப்பதியும்தான். லீவு கிடைக்கும்போதெல்லாம் எங்காவது போகலாமா என்று கேட்பாள். எனக்குக் கேஸ் இருக்கும். இல்லாத நாளிலும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ரிடையர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என்னுடைய நிரந்தர வாய்தா.

ரிடையர் ஆனோம். காசி யாத்திரைக்குக் கிளம்பினோம்.

ஏற்பாடு செய்தவன் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருக்கும் ஒருவன். என் மனைவிக்குப் பெரியப்பா வழியில் அண்ணன் முறை, அதனால் என்னை மச்சான் என்பான். காசி வரைக்கும் ரயில், அங்கிருந்து சுற்றுவதற்குப் பஸ். கூடவே ஒரு சமையல்காரர், இரண்டு அண்டா, புளி, மிளகாய்ப்பொடி, அவன் மில்லிலேயே அரைத்த பொன்னி அரிசி மூட்டைகள். "வடக்க போனாலும் வயிறு தெக்கதான் மச்சான் இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னான்.

அவன் சொன்னது நிஜம். அந்தக் கூட்டத்தின் கண் முழுக்க வயிற்றில்தான் இருந்தது. பிரயாகையில் கங்கையும் யமுனையும் சேருகிற இடத்தில் படகை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மண் நிறம், ஒரு பக்கம் பச்சை, நடுவில் கோடு கிழித்ததுபோல் தெரிகிறது. என் மனைவி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், மத்தியானம் வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று சண்டை போட்டார்கள். அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கரையில் செருப்பு பத்திரமாக இருக்குமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காசியில் இரண்டாம் நாள் காலையில் என் மனைவியைக் காணோம்.

குளித்துவிட்டு எல்லோரும் தங்கியிருந்த சத்திரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சாப்பிட்டதும் கயாவுக்குக் கிளம்ப வேண்டும். அவளுடைய கைப்பேசி என் பையில் இருந்தது, அதையும் நான்தான் வைத்துக்கொள்வேன். படித்துறைப் பக்கம் ஓடினேன். அத்தனை கூட்டத்தில் எங்கே தேடுவது? முதலில் பயமாக இருந்தது. பிறகு, சத்திரத்துக்குத் திரும்பியதும், பஸ்ஸுக்குள்ளிருந்து பேச்சு வர ஆரம்பித்தது.

"டீச்சர் கங்கைக்குப் பாடம் எடுக்கப் போயிட்டாங்களா?"

"வக்கீல் சார், ஒரு வாரண்ட் போட்டாத்தான் வருவாங்க போல."

"சாம்பார் சாதம் ஆறிக் கட்டியா போச்சு, தெரியுமா?"

பயம் போய் அவமானம் வந்தது. கோர்ட்டில் என்னைப் பார்த்து எவரும் அப்படிச் சிரித்ததில்லை.

அவள் மத்தியானத்துக்குப் பிறகு வந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு, மூச்சு வாங்குகிறது, முகம் மட்டும் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. ஓட்டமும் நடையுமாக நேராக என்னிடம் வந்து, "என்னங்க, தெரியுமா..." என்று ஆரம்பித்தாள்.

"வண்டில ஏறு" என்றேன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறினாள்.

கயாவில் ஒரு வழக்கம் உண்டு. முன்னோர்களுக்குப் பிண்டம் வைத்து முடிந்ததும் அங்கேயுள்ள பழைய ஆலமரத்தடிக்குப் போய், நமக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். ஒரு காய், ஒரு பழம் என்பார்கள். விட்டதைப் பிறகு ஆயுளுக்கும் தொடக் கூடாது. கையில் தண்ணீர் ஊற்றுவார்கள், அதைக் கீழே விட்டால் முடிந்தது. நம் ஆட்கள் இதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எதைச் சாப்பிடவே மாட்டார்களோ அதை விட்டுவிடுவார்கள். பஸ்ஸில் அதுதான் பேச்சு. ரைஸ்மில்காரன் பாகற்காயை விடுவதாக அறிவித்தான். அவன் மனைவி, "கல்யாணம் ஆன நாளுலேர்ந்து அத நீங்க தட்டுலயே வாங்குனதில்ல. சாமியவே ஏமாத்துற ஆளு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் கொத்தவரங்காய் என்றேன். அதன் நாற்றமே எனக்கு ஆகாது.

என் மனைவி யாத்திரைக்குக் கிளம்பும்போதே, தான் பலாப்பழத்தை விடப் போவதாகச் சொல்லியிருந்தாள். எங்களுக்குப் பக்கத்தில் பண்ருட்டி. சித்திரை பிறந்தால் ரோட்டோரமெல்லாம் பலா மலைமலையாகக் கிடக்கும். அவளுக்குப் பலா என்றால் உயிர்.

"பைத்தியமா ஒனக்கு? சுரைக்காய விட்டுட்டு வா" என்று சொன்னேன்.

"புடிச்சத விடணும்னுதான சொல்றாங்க. புடிக்காதத விட்டா அது குப்பையில போடற மாதிரிங்க."

இப்போது அந்த மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தலைமுறையாக அங்கேயே இருக்கிற, தமிழ் பேசுகிற ஒரு புரோகிதர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பாகற்காய் போயிற்று, கொத்தவரங்காய் போயிற்று. அடுத்து என் மனைவி. புரோகிதர் அவளைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா என்னத்த விடறாங்க?" என்றார்.

முந்தின நாள் அவமானம் இன்னும் அடங்கவில்லை. பஸ்ஸில் சிரித்த முகங்களெல்லாம் எதிரில் இருந்தன. நான் சொன்னேன்: "இவ எடம் பாக்கறத விட்டுட்டா சாமி. இனிமே எங்கியும் எதையும் பாக்கறேன்னு போவ மாட்டா."

வெடித்துச் சிரித்தார்கள். ரைஸ்மில்காரன் என் தோளில் தட்டினான். முந்தின நாள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவள் பக்கம் திருப்பிவிட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். புரோகிதரும் சிரித்துக்கொண்டே மந்திரம் சொல்லி அவள் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினார்.

அவள் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு கையைச் சாய்த்தாள்.

மறுநாள் நாளந்தா. அந்தப் பெயரை எத்தனை ஆயிரம் பெண் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்திருப்பாள்! பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ வரலியா?"

"விட்டாச்சே" என்றாள்.

கோபம், ஒரு நாளில் ஆறிவிடும் என்று நினைத்து நான் இறங்கிப் போனேன். செங்கல் சுவர், செங்கல் படி, செங்கல் அறை. வழிகாட்டி என்னென்னவோ சொன்னான். மாணவர்கள் தங்கின ஓர் அறையில் நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. நாளந்தாவில் நான் பார்த்தது அந்த நாயை மட்டும்தான். அவள் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குப் பேசியிருப்பாள்.

ஊருக்கு வந்தும் ஆறவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. அவள் சண்டை போட்டதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு வருவாள், சாவுக்கு வருவாள், மகள் வீட்டுக்குப் போவாள். ஆனால் பார்ப்பதற்கென்று ஓரிடத்துக்கும் வருவதில்லை. பெங்களூரில் மகள் நந்திமலைக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். ரைஸ்மில்காரன் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது வழியில் வீராணம் ஏரி ததும்பிக்கொண்டிருக்கும். அவள் ஏரிக்கு எதிர்ப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

என்னால் தாங்க முடியாமல் போனது சிதம்பரத்தில். கோயிலுக்கு அவள் வருவாள், சாமி கும்பிடுவது வேறு கணக்கு. அந்தக் கோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் அடுக்கடுக்காக நாட்டியப் பெண்கள் செதுக்கியிருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த வாசலைத் தாண்ட அவளுக்கு ஒரு யுகம் ஆகும். கழுத்தை அண்ணாந்து, ஒவ்வொரு காலும் எப்படி மடங்கியிருக்கிறது, எந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். "நடை சாத்திடுவாங்க, வா" என்று நான் கத்துவேன். கயாவிலிருந்து வந்த பிறகு முதல்முறை போனபோது அந்த வாசலில் நான் வேண்டுமென்றே நின்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, வழுக்கும் இடத்தில் நடக்கிறவளைப் போல என்னைத் தாண்டிப் போனாள். நான் அங்கேயே கத்தியிருப்பேன். யாரைப் பார்த்துக் கத்துவது?

பலா வந்தால் பண்ருட்டியிலிருந்து முழுப் பழமாக வரவழைப்பாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து அறுப்பாள். வீடு முழுக்க அந்த வாசனை. சுளைகளை ஒரு தட்டில் வைத்து என்னிடமும் நீட்டுவாள்.

"சாப்புடுங்க. நல்லவேளை, இத விடல."

வாயில் வைத்தால் இறங்காது.

நான் சும்மா இருக்கவில்லை. வாதாடினேன், வேறென்ன தெரியும் எனக்கு?

"நான் சொன்னது ஒன்னக் கட்டுப்படுத்தாது. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல" என்றேன்.

"தண்ணிய விட்டது என் கைதான?"

"அது நிர்ப்பந்தத்துல நடந்தது. செல்லாது."

"செல்லும். ஒங்களுக்குத்தான் வக்காலத்து குடுத்திருக்கேனே."

"எப்ப குடுத்த?"

"கல்யாணத்தன்னிக்கி."

இதைச் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

இதற்கிடையில் அவளுடைய முட்டி தேய ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறினால் வலி, பிறகு பஸ் படிக்கே என் தோளைப் பிடித்தாள். மகள் அனுப்பிய இடங்களை நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தேன். வேர்ப் பாலத்துக்கு ஆயிரக்கணக்கில் படி இறங்க வேண்டுமாம், அது போயிற்று. அஜந்தாவில் குகைக்குக் குகை ஏறி இறங்க வேண்டும், அதுவும் போயிற்று. அவள் முட்டி தேயத் தேய நாடு சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடியது என்று எனக்குத் தோன்றியது, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பிச்சாவரம். படகில் உட்கார்ந்தால் போதும், தண்ணீர் நம்மைக் கொண்டுபோகும். அதுவாவது நடக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

கயா புரோகிதரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, இதற்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டேன்.

"எந்த வருஷம் வந்தீங்க?" என்றார். சொன்னேன். "ஞாபகம் இல்லீங்களே. தெனம் எவ்ளோ பேர் வர்றாங்க. கத்தரிக்காய விட்டவங்க ஊருக்குப் போய் கத்தரிக்கா சாப்புடறாங்க. எவரு வந்து பாக்கறாங்க?"

"நீங்கதான மந்திரம் சொல்லித் தண்ணி ஊத்துனீங்க?"

"வேடிக்கைக்குச் சொன்னீங்கன்னு நெனச்சிருப்பேன். நீங்கதான சார் சொன்னீங்க?"

போனை வைத்துவிட்டேன். அவர் மேல் வந்த கோபத்தில் அன்று முழுவதும் வீட்டில் எல்லாவற்றையும் எறிந்தேன், மூடினேன், அறைந்து சாத்தினேன். இரவு படுத்தபிறகுதான் புரிந்தது, அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அவரும் மறந்துவிட்டார். சாமியும் ஒருவேளை மறந்திருக்கும். அவளைக் கட்டி வைத்திருப்பது ஆலமரமும் இல்லை, மந்திரமும் இல்லை. நான் பேசிய பேச்சு.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். எனக்கு அவள் மேலும் கோபம் இருந்தது. இவ்வளவு படித்தவள், இத்தனை பிள்ளைகளுக்குப் பகுத்தறிவைச் சொல்லிக் கொடுத்தவள், புருஷன் உளறியதைத் தெய்வ வாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று எரிந்தேன். அது கீழ்ப்படிதல் என்று நினைத்ததுதான் என் மடத்தனம். அவள் எனக்குக் கீழ்ப்படியவே இல்லை. எனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தாள். அதுவும் நான் சொன்ன அதே வார்த்தைகளை வைத்து, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல்.

இந்த வருடம் ரைஸ்மில்காரன் பழைய காசிக் கூட்டத்தை மறுபடி ஒரு நாள் சேர்த்தான். சிதம்பரத்தில் சாமி தரிசனம், ஒரு மண்டபத்தில் சாப்பாடு, சாயங்காலம் பிச்சாவரத்தில் படகு. "சாப்பாடு வரைக்கும் வர்றேன்" என்று அவன் மனைவியிடம் என் மனைவி ஒப்புக்கொண்டாள். வேனில் வந்தோம். மறுபடி கோபுர வாசல், மறுபடி தரையைப் பார்த்த நடை. சாப்பாடு முடிந்ததும் வேன் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் திரையை இழுத்தாள்.

அந்தச் சத்தம், திரையின் வளையங்கள் கம்பியில் உரசிய சத்தம், அன்று நாளந்தாவில் கேட்டதேதான்.

நான் படகுத்துறைக்குப் போனேன். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு, பக்கிள் போடத் தெரியாமல் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். எங்கே வைத்து அவளை அவமானப்படுத்தினேனோ அந்த ஆட்கள் முன்னால்தான் அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். கோர்ட்டில் பேசுகிற குரலில் பேசினேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. கயாவுல என் சம்சாரத்தப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன். எடம் பாக்கறத விட்டுட்டான்னு. நீங்கல்லாம் சிரிச்சீங்க. அத நான் சொல்லியிருக்கக் கூடாது. அன்னியிலேர்ந்து அவ எதையும் பாக்கறதில்ல. தப்பு என்னுது. ஒங்க எதிர்லயே சொல்றேன்."

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "எப்ப சார் சொன்னீங்க?" என்றார்.

"கயாவுல, மரத்தடில."

"அப்பிடியா? நெனப்பில்லியே."

ஒருவருக்கும் நினைவில்லை. அண்டாவில் சாம்பார் அடிப்பிடித்தது நினைவிருந்தது. ரயிலில் ஒருவருடைய பல்செட் தொலைந்தது நினைவிருந்தது. இது இல்லை. ரைஸ்மில்காரன் என் தோளில் கை போட்டான். அதே தோள்.

"இதுக்கா மச்சான் இவ்ளோ? நான் அங்க பாவக்காய விட்டேன். இப்ப சுகரு ஜாஸ்தியாயிடுச்சின்னு தெனம் காலையில அதத்தான் ஜூஸ் போட்டுக் குடுக்கறா. சாமி என்னா என்ன அடிச்சிப்புடுச்சா? தங்கச்சிய வரச் சொல்லு, படகு கெளம்பப் போவுது."

சிரித்தார்கள். அன்றைக்கும் அதே சிரிப்புத்தான். அவன் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டேன். எவர் எதிரில் மானம் போகக் கூடாது என்று என் மனைவியின் கண்களைப் பறித்தேனோ, அவர்கள் அன்றைக்கே அதைச் சிரித்துத் துப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நான்தான் அவர்களைச் சுப்ரீம் கோர்ட்டு என்று நினைத்திருக்கிறேன்.

வேனுக்குத் திரும்பினேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். நான் ஏறி அவளுக்கு முன் சீட்டில், அவளைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தேன்.

"அவுங்க எதிர்ல சொன்னேன். தப்பு என்னுதுன்னு."

"கேட்டுச்சு. ஒங்க குரல்தான் கிள்ளை வரைக்கும் கேக்குமே."

"அவுங்களுக்கு நெனப்பே இல்ல."

"எனக்கு இருக்கு. அது போதும்."

வெளியே படகு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றாதது.

"அன்னிக்கிக் காசியில எங்க போயிருந்த?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?"

"ஆமா."

"ஆறு திரும்பற எடத்தப் பாக்கப் போனேன்" என்றாள். "கங்கைய நான் போர்டுல எப்பவும் கெழக்க பாத்து ஒரே இழுப்பா இழுத்துருவேன். காசிகிட்ட மட்டும் அது வடக்க திரும்புதுன்னு புஸ்தகத்துல படிச்சது. சின்ன வளைவு, சாக்பீஸ்ல வராது. படித்துறைங்க முடியற வரைக்கும் நடந்தேன். அங்க நின்னா தெரியுது. அவ்ளோ பெரிய ஆறு, வந்த தெசைக்கே திரும்பிப் போற மாதிரி வளையுது. இத்தன வருசமா புள்ளைங்களுக்கு நேராப் போட்டுக் காட்டிட்டமேன்னு சிரிப்பு வந்துச்சு. தனியா நின்னு சிரிச்சேன். ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் அங்கேர்ந்து ஓடியாந்தேன்."

வண்டில ஏறு என்றேன் அன்று நான்.

என் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷி ஓர் ஆற்றைப் பார்த்துவிட்டு, உலகத்தில் அதைச் சொல்வதற்கு ஒரே ஓர் ஆள் என்று நினைத்து சேறும் மூச்சிரைப்புமாக ஓடி வந்திருக்கிறாள். அந்த ஆள் சாம்பார் சாதத்துக்காக அவளை அடக்கியிருக்கிறான்.

"கயாவுல நான் விட்டத மாத்திக்கறேன்" என்றேன்.

"கொத்தவரங்காயவா? இனிமே சாப்புடப் போறீங்களா?"

"ஒனக்காகப் பேசறத விட்டுடறேன்."

அவள் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒரு பார்வை பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். "தண்ணியெல்லாம் ஊத்த வேணாம். வேன் நனைஞ்சிடும். செஞ்சு காட்டுங்க" என்றாள்.

வேனின் பக்கவாட்டில் எவரோ தட்டினார்கள். படகுக்காரர். ஒல்லியான, முழங்கால் வரை கைலியை மடித்துக் கட்டிய ஆள். கடைசிப் படகுக்கு இடம் இருக்கிறதாம், எங்கள் ஆட்கள் அனுப்பியிருக்கிறார்கள். கதவு வழியாக என்னைப் பார்த்து, "அம்மா வர்றாங்களா சார்?" என்று கேட்டார்.

பதில் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. வருவாள், கொஞ்சம் கையைப் பிடித்து இறக்க வேண்டும், முட்டி வலி, படகு ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்கப் பேசின வாய். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன எதுக்குக் கேக்கற?" என்றேன். கோபமாகத்தான் வந்தது அந்த வார்த்தை. "அவுங்களக் கேளு."

அவர் குழம்பிப்போய் ஜன்னல் பக்கம் போனார். அவள் திரையை விலக்கினாள். கண்ணாடியைத் தள்ளினாள். உப்பு வாடையும் சேற்று வாடையும் உள்ளே வந்தன. அவருக்குப் பின்னால் தண்ணீரும், அதில் வேர்களை ஊன்றி நிற்கும் காடும் சாயங்கால வெயிலில் தெரிந்தன. அவள் படகுக்காரரை மட்டுமே பார்த்தாள்.

"தண்ணி ஏறுதா, எறங்குதா?"

எத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் கேட்கும் கேள்வி!

"எறங்குதும்மா. உள்ள சின்ன வாய்க்காலுக்கெல்லாம் இப்ப போவ முடியாது. பெரிய ரவுண்டுதான்."

"எப்ப ஏறும்?"

"நாளைக்கிக் காலையில வந்தீங்கன்னா நல்லா ஏறியிருக்கும். மரம் மூடுன வாய்க்கா உள்ளயே போவலாம்."

அவள் யோசித்தாள். நான் சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கி வரல" என்றாள். "ஏறும்போது வர்றேன்."

அவர் போய்விட்டார். அவள் கண்ணாடியை மூடவில்லை. நாளை என்பது நாளையா, இன்னொரு நாளா? தனியாக வருவாளா, என்னோடா? கேட்கலாம் என்று வாய் திறந்தேன். கேட்டால் அதற்குள் ஒரு வழியையும் நானே சொல்லிவிடுவேன் என்று தெரிந்து மூடிக்கொண்டேன்.

படகுத்துறையிலிருந்து ரைஸ்மில்காரன் கையை வாயருகே குவித்துக் கத்தினான்: "மச்சான்! தங்கச்சி என்னா சொல்லுது?"

நான் ஜன்னலைக் கையால் காட்டினேன்.